ஸ்டார்ட் கோட்டிலிருந்து முதல் ஏழு மீட்டர்

கேள்வி: அண்ணா, நான் பர்மிங்ஹாமில் ஐடி வேலை பார்க்கிறேன். போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு டொயோட்டா ஜிஆர் 86 வாங்கினேன், ஆறு கியர் மேனுவல். இந்த சீசனில் ஷெல்ஸ்லி வால்ஷ் ஹில் கிளைம்ப் போட்டியில் முதல் தடவையாக ஓட்டினேன். வளைவுகளில் அவ்வளவு மோசமில்லை. ஸ்டார்ட்தான் சொதப்புகிறது. முதல் 64 அடியைக் கடக்க 3.4, 3.2, 3.0, 3.3 வினாடி என்று வந்தது. எனக்கு முன்னால் போன லோட்டஸ் எலிஸுக்கு 2.5. ஒரு தடவை எஞ்சின் அமுங்கிப்போகிறது, அடுத்த தடவை சக்கரம் சும்மா சுழல்கிறது. எஞ்சினை 5,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்று) வைத்து கிளட்சைப் பட்டென்று விடு என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா? ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் தொழிற்பேட்டை ரோடு ராத்திரியில் காலியாகக் கிடக்கும், அங்கே பழகலாமா? லேசான ஃபிளைவீலும் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் உலோகச் சக்கரம்) கெட்டியான கிளட்சும் போட்டால் சரியாகுமா? நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு கம்பெனி சொல்லும் 6.3 வினாடி எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த நான்கு எண்கள்தான். பலரும் "ஸ்டார்ட் சரியில்லை" என்று மட்டும் எழுதுவார்கள், எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் நேரச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். அதில் 3.0-க்கும் 3.4-க்கும் நடுவே 0.4 வினாடி கிடக்கிறது. அதே கார், அதே டயர், அதே ஆள். அப்படியென்றால் கால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வேலை செய்திருக்கிறது. முதலில் நான்கு ஸ்டார்ட்டும் ஒரே மாதிரி வரட்டும். நேரத்தைக் குறைப்பது அதற்கு அடுத்த வேலை.

இந்தப் போட்டியைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஷெல்ஸ்லி வால்ஷ் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷையரில் இருக்கும் ஒரு குன்றுச் சாலை. 1905 ஆகஸ்டில் அங்கே முதல் போட்டி நடந்தது, இன்றும் அதே பாதையில்தான் ஓட்டுகிறார்கள். நீளம் 1,000 கஜம், அதாவது 914 மீட்டர். அதற்குள் 100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே கார்தான் போகும், போட்டி கடிகாரத்தோடு. ரோட்டில் ஓடும் சாதாரண ஸ்போர்ட்ஸ் காருக்கு மொத்த ஓட்டமே அரை நிமிடத்துக்கு மேல் சில வினாடிகள்தான் பிடிக்கும். அதனால் ஸ்டார்ட்டில் போகும் 0.4 வினாடியை வளைவுகளில் மீட்பது லேசுப்பட்ட காரியமில்லை. பிரிட்டிஷ் ஹில் கிளைம்ப், ஸ்பிரிண்ட் (இதே மாதிரிப் போட்டி, மலையேறாத பாதையில்) போட்டிகளில் முதல் 64 அடிக்கு, அதாவது 19.5 மீட்டருக்கு, தனியாக நேரம் எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்டார்ட் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

இன்னொன்றும் முக்கியம். இங்கே பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டிய கட்டாயம் இல்லை. "பாதை காலி, நீ தயாரானதும் கிளம்பு" என்பதுதான் அந்தப் பச்சைக்கு அர்த்தம். காரின் முன்னால் மாட்டியிருக்கும் தகடு ஒளிக்கற்றையை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஐந்து சிவப்பு விளக்கு அணைவதைப் பார்த்துக் கிளம்பும் சர்க்யூட் பந்தயம் மாதிரி கண்ணுக்கும் காலுக்கும் நடுவே நடக்கும் அவசரம் இங்கே கணக்கிலேயே வராது. அதோடு, கார் பின்னால் உருளாமல் இருக்க பின்சக்கரத்துக்கு அடியில் மார்ஷல் (போட்டி ஊழியர்) ஒரு கட்டையை வைத்துவிடுவார். எனவே ஹேண்ட்பிரேக்கைப் பற்றிய கவலையும் வேண்டாம். இரண்டு கால்களும் இரண்டு பெடல்களும் மட்டும்தான் உங்கள் வேலை. எனக்குத் தெரிந்து ஸ்டார்ட் பழகுவதற்கு இதைவிட நல்ல சூழல் இல்லை. புதிதாக வருகிறவர்கள் பலர் பச்சையைப் பார்த்ததும் பதறியே அதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பச்சை வந்த பிறகு ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது காருக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் காரின் எடை உங்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,350 கிலோ. நிற்கும்போது அதில் 47 சதவீதம்தான் பின்சக்கரங்களில் இருக்கிறது. வேகமாகக் கிளம்பும்போது எடை பின்னால் சாயும். நல்ல காய்ந்த தார் ரோட்டில் அது 57 சதவீதம் வரை போகலாம். டயர் தன்மேல் அழுத்தும் எடைக்கு ஏறக்குறைய சமமான விசையைத்தான் ரோட்டில் செலுத்த முடியும். ஆக, சமதரையில் உங்கள் காருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச முடுக்கம் 0.57 ஜி அளவு (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு தரும் முடுக்கம்), விசையாகச் சொன்னால் 7,600 நியூட்டன். எஞ்சின் பக்கம் பாருங்கள். 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), முதல் கியர் விகிதம் 3.626, டிஃபரென்ஷியல் விகிதம் 4.10. மூன்றையும் பெருக்கிச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்து, வழியில் தேய்மானமாகப் போவதையும் கழித்தால் 10,000 நியூட்டனுக்குப் பக்கத்தில் வருகிறது. டயர் தாங்குவது 7,600, எஞ்சின் தரத் தயாராக இருப்பது 10,000.

அதாவது ஸ்டார்ட்டில் உங்களிடம் சக்திக்குக் குறைவே இல்லை. குறைவாக இருப்பது பின்டயரின் பிடிப்பு. ஸ்டார்ட் என்பது அந்தப் பிடிப்பைக் கடைசித் துளி வரை, ஆனால் அதற்குமேல் ஒரு துளியும் கேட்காமல், பயன்படுத்தும் வேலை.

இது பழைய பாடம். ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்டுக் 1930-இல் ஆஸ்ட்ரோ-டைம்லர் காரில் இதே ஷெல்ஸ்லி வால்ஷில் 42.8 வினாடியில் ஏறி சாதனை வைத்தார். 1936-இல் 16 சிலிண்டர் ஆட்டோ யூனியன் காரோடு திரும்பி வந்தார். அன்றைக்கு மழை. அவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தும் பின்சக்கரங்கள் சுழன்றுகொண்டே போக, ஆறு வருடத்துக்கு முன் தானே வைத்த நேரத்தின் கிட்டக்கூட அவரால் வர முடியவில்லை. அதே காலத்தில் ரேமண்ட் மேஸ் போன்றவர்கள் பின்பக்கம் இரட்டைச் சக்கரம் மாட்டி மலையேறினார்கள். பிரச்சினை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எலிஸோடு உங்களை ஒப்பிட வேண்டாம் என்பதற்கும் காரணம் இதேதான். அதன் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிறது. நிற்கும்போதே எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரத்தில். 2.5 அதற்கு இயல்பு. உங்கள் காருக்கு 0.57 ஜி முழுவதும் கிடைத்து, தரையும் சமமாக இருந்தால்கூட 64 அடிக்கு 2.65 வினாடி ஆகும். ஏற்றம் அதிலிருந்து கொஞ்சம் தின்னும். ஒன்பதுக்கு ஒன்று என்ற சரிவு 0.11 ஜியைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே காய்ந்த நாளில் 2.95 என்பதை இலக்காக வையுங்கள். 2.95 வந்தால் அந்தக் காரும் டயரும் தரக்கூடியதை ஏறக்குறைய முழுசாக வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கிளட்ச்தான் இதில் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். முதல் கியரில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போது 4,000 ஆர்பிஎம் என்றால் உங்கள் கார் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். நிற்கும் காரின் வேகமோ பூஜ்யம். நீங்கள் 4,000-இல் கிளம்புகிறீர்கள் என்றால், கார் அந்த வேகத்தை எட்டும் வரை எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, அல்லது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே, ஏதோ ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். இதில் டயர் 10 முதல் 20 சதவீதம் வரை வழுக்குவது நல்லது, ரப்பரின் பிடிப்பு உச்சத்தில் இருப்பது அங்கேதான். மீதி வழுக்கலை கிளட்ச் வாங்கிக்கொள்ள வேண்டும். அரை ஜி அளவில் முடுக்கினால் இந்தக் கட்டம் ஒன்றரை வினாடிக்குச் சற்று மேல் நீடிக்கும். தூரமாகச் சொன்னால் ஏழு மீட்டர்.

அந்த ஏழு மீட்டரில்தான் உங்கள் 0.4 வினாடி இருக்கிறது.

பெடலின் கடைசிப் பாதியை அரை வினாடிக்குள் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். உங்கள் 3.4 அப்படி வந்ததாகத்தான் இருக்கும். டயர் பிடித்துக்கொண்டது, கிளட்சும் பிடித்துக்கொண்டது, வழுக்க எதுவும் இல்லாததால் எஞ்சின் 4,000-இலிருந்து 1,500-க்கு விழுந்தது. அங்கே இந்த எஞ்சினிடம் பெரிய சக்தி கிடையாது, மறுபடி ஏறி வருவதற்குள் கார் தூங்கிவிடும். சக்கரம் சுழன்ற ஓட்டத்திலும் நீங்கள் அதே காரியத்தைத்தான் செய்திருப்பீர்கள், ஆர்பிஎம் மட்டும் கூடுதலாக இருந்திருக்கும். இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

5,000-இல் பட்டென்று விடச் சொல்லும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதில்தான் இருக்கிறது. கிளட்சை உதறி விட்டால் எஞ்சினின் டார்க் மட்டும் பின்னால் போவதில்லை. சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீலும் கிராங்கும் திடீரென்று வேகம் குறைவதால் அவற்றில் சேர்ந்திருந்த ஆற்றலும் சேர்ந்து அடிக்கும். கிளட்ச் வழுக்காமல் தாங்கக்கூடிய டார்க் எப்போதும் எஞ்சினின் உச்ச டார்க்கைவிடக் கூடுதல்தான், அப்படித்தான் அதை வடிவமைப்பார்கள். அந்த முழு அடியும் கியர் பற்களுக்கும் டிரைவ்ஷாஃப்டுக்கும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) போகும். டயர் ஏற்கெனவே தாங்காத கணக்கில் இது இன்னும் மேலே. சிலசமயம் பின்பக்கம் தடதடவென்று குதிக்க ஆரம்பிக்கும். சக்கரம் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு என்று துள்ளும் அந்த நிலை வந்தால் அடுத்த நொடியே ஆக்சிலேட்டரைக் குறைத்துவிடுங்கள். டிஃபரென்ஷியலும் டிரைவ்ஷாஃப்டும் உடைவது அந்தத் தருணத்தில்தான். வேகமாகவும் இருக்காது, செலவும் வைக்கும். அதனால் வேண்டவே வேண்டாம்.

சரி, எப்படிச் செய்வது?

முதலில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். கிளட்சை முழுதாக அழுத்திய நிலையிலும் இடது முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கால் நீண்டுவிட்டால் தொடையால்தான் பெடலை விடுவீர்கள், தொடைக்கு நுணுக்கம் போதாது. பிடிக்கும் புள்ளி வரும் இடத்தில் குதிகால் தரையில் ஊன்றியிருந்து, கணுக்காலால் மட்டும் பெடலை விட முடிந்தால் நல்லது. மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். அப்புறம் பிடிக்கும் புள்ளி எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரிய வேண்டும். தனியார் இடத்தில், சமதரையில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டு, கார் நகரத் தொடங்கும் நொடியில் நிறுத்துங்கள். மறுபடி அழுத்துங்கள். மறுபடி விடுங்கள். யோசிக்காமலே கால் அந்த இடத்துக்குப் போய் நிற்கும் வரை செய்யுங்கள். காருக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

கோட்டில் நின்றதும் முதல் கியரை முன்கூட்டியே போட்டு வையுங்கள். எஞ்சின் ஆயில் 80 டிகிரியைத் தாண்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை வந்த பிறகு ஆக்சிலேட்டரை 3,500-க்குக் கொண்டுபோய் அங்கேயே ஆடாமல் நிறுத்துங்கள். விர்ர், விர்ர் என்று ஏற்றி இறக்குவதில் பயனில்லை. முள் ஏறும்போது கிளம்பினால் ஒரு ஸ்டார்ட், இறங்கும்போது கிளம்பினால் வேறொரு ஸ்டார்ட். ஒரு வினாடி முள் நிலையாக நிற்கட்டும். பிறகு கிளட்சைப் பிடிக்கும் புள்ளி வரை விரைவாக விடுங்கள். அங்கே நிறுத்துங்கள். இந்த நிறுத்தம்தான் உயிர்நாடி. பெடல் அங்கேயே இருக்க, கார் பாயத் தொடங்கும். அந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு வினாடி பிடித்துவைத்து, காரின் வேகம் எஞ்சினைத் துரத்திப் பிடிக்கப் பிடிக்க மீதியை மெதுவாக விடுங்கள்.

வலது கால் இந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? கிளட்ச் வழுக்கும் கட்டத்தில் ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதிக்க வேண்டாம். முன்னால் போட்ட கணக்கின்படி டயர் தாங்குவது எஞ்சின் டார்க்கில் முக்கால் பங்குதான். கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகு நிலைமை மாறும். அப்போது எஞ்சின் தன்னுடைய சுழலும் பாகங்களையும் சேர்த்து முடுக்க வேண்டியிருக்கிறது, முதல் கியரில் அதற்கே கணிசமான பங்கு போய்விடும். அதனால் காய்ந்த ரோட்டில் அந்த நொடியிலிருந்து முழு ஆக்சிலேட்டரை டயர் ஏறக்குறைய தாங்கும். இடது கால் கடைசியாக பெடலை விட்டு எழும் நேரமும் வலது கால் தரையைத் தொடும் நேரமும் ஒன்றாக வர வேண்டும். படிக்கும்போது சிக்கலாகத் தெரியும். முதலில் வேகத்தைக் குறைத்து, 2,500 ஆர்பிஎம்மில் அரை விசையில் செய்து பார்த்தால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளும்.

3,500-இல் நான்கு ஸ்டார்ட்டும் 0.1 வினாடி இடைவெளிக்குள் வந்த பிறகு 4,000 வைத்துப் பாருங்கள். பிறகு 4,500. ஒரு ஓட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், டயர் அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். 64 அடி நேரம் குறைவது நிற்கும் இடம்தான் உங்கள் ஆர்பிஎம். இந்த எஞ்சினின் உச்ச டார்க் 3,700-இலேயே வந்துவிடுகிறது, அதனால் மிக மேலே போகத் தேவையில்லை என்பது என் கணிப்பு. கிளட்சையும் நினைத்துப் பாருங்கள். வழுக்கும் கட்டத்தில் காருக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறைய சமமான ஆற்றல் கிளட்சில் சூடாகப் போகிறது. 4,000-இல் கிளம்பினால் அது 50 கிலோஜூல் அளவு. இந்தக் கணக்கு வேகத்தின் இருமடியில் ஏறுவதால் 6,000-இல் கிளம்பினால் இரண்டேகால் மடங்கு. ஹில் கிளைம்பில் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய நேரம் இருக்கும், கிளட்ச் ஆறிவிடும். ஆனால் அடுத்தடுத்து ஐந்தாறு ஸ்டார்ட் பழகும் நாளில் கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்திவிட்டு, காரைச் சும்மா நிறுத்தி வைக்காமல் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி ஆற்றுங்கள்.

ஸ்டார்ட் நடுவே கெட்டுப்போனால் எப்படிச் சமாளிப்பது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சக்கரம் சுழல ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டுவிடாதீர்கள், சற்றே தளர்த்துங்கள், பிடிப்பு திரும்பியதும் மறுபடி கொடுங்கள். கிளட்சை மறுபடி அழுத்தவே வேண்டாம், அழுத்தினால் எஞ்சின் எகிறி இரண்டாவது தடவை சுழலும். எஞ்சின் அமுங்கினால் மட்டும் கிளட்சை ஒரு மயிரிழை அழுத்தி ஆர்பிஎம்மை எழ விடலாம். அதுவும் ஒரு நொடிப்பொழுதுக்குள் செய்ய வேண்டிய வேலை, பழகப் பழகத்தான் வரும்.

எலக்ட்ரானிக்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். டிராக்ஷன் கண்ட்ரோல் முழுதாக இயங்கும்போது டயருக்குத் தேவையான அந்த 10, 15 சதவீத வழுக்கலையும் அது அபாயமாக எடுத்துக்கொண்டு எஞ்சினை அடக்கிவிடும். உங்கள் ஓட்டங்களில் ஏதாவது ஒன்றில் அது குறுக்கிட்டதா என்று யோசித்துப் பாருங்கள், டாஷ்போர்டில் விளக்கு மின்னியிருக்கும். டிராக்ஷனை மட்டும் நிறுத்துவது, டிராக் மோடு (பாதுகாப்பை முழுதாக அணைக்காமல் தளர்த்தும் நிலை), எல்லாவற்றையும் அணைப்பது என்று இந்தக் காரில் வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன. எந்த பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினால் எது அணைகிறது என்பதைக் கையேட்டில் ஒருமுறை படித்துவிடுங்கள். என் ஆலோசனை, இந்த சீசன் முழுவதும் டிராக் மோடிலேயே ஓட்டுங்கள். ஷெல்ஸ்லியில் பாதை குறுகல், ஓரத்தில் மண்மேடு, தவறினால் சரிசெய்துகொள்ள இடம் இல்லை. ஸ்டார்ட்டில் 0.05 வினாடி லாபத்துக்காக மேலே வளைவில் பாதுகாப்பைக் கழற்றி வைப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

டயர் விஷயத்தில் பெரிய மாயம் எதுவும் வேண்டாம். உங்கள் கார் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4-இல் இருந்தால் அது ரோட்டு டயர், புகை கிளப்பிச் சூடாக்கினால் தேயுமே தவிரப் பெரிய பலன் கிடைக்காது. ஆனால் பேடாக்கிலிருந்து (கார்கள் காத்து நிற்கும் இடம்) வரும் வழியில் பொடிக்கல்லும் மண்ணும் ஒட்டியிருக்கும். அமைப்பாளர்கள் அனுமதிக்கும் இடத்தில் ஒரு சின்னச் சுழற்றல் கொடுத்து அதை உதறிவிட்டுக் கோட்டுக்கு வாருங்கள். அழுத்தத்தை கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். பின்டயரில் மட்டும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்துப் பார்க்கலாம், அதற்குக் கீழே போனால் வளைவில் கார் குழைய ஆரம்பிக்கும். மழை நாளில் 2,500-க்கு இறங்குங்கள், கிளட்சை இன்னும் நிதானமாக விடுங்கள், நேரம் மூன்றரை வினாடிக்குப் பக்கத்தில் வந்தாலும் மனம் தளர வேண்டாம்.

இரண்டாவது கியர் எப்போது? முதல் கியர் 7,400 ஆர்பிஎம்மில் மணிக்கு 59 கிலோமீட்டரில் முடிகிறது. 64 அடி கோட்டைத் தாண்டும்போது நீங்கள் 50-க்குப் பக்கத்தில் இருப்பீர்கள். ஆக, 64 அடி முழுக்க முதல் கியர்தான், அதற்குச் சற்றுத் தள்ளி மாற்ற வேண்டிவரும். எஞ்சின் லிமிட்டரில் முட்டித் திணறும் வரை காத்திருக்காமல் 7,100, 7,200 வாக்கில் மாற்றுங்கள். கியர் குச்சியைப் பிடித்து இறுக்காமல் உள்ளங்கையால் நேராகப் பின்னுக்கு இழுங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே கியர் மாற்றும் வித்தையை இந்த கியர்பாக்ஸில் செய்ய வேண்டாம். கிடைக்கும் லாபம் சொற்பம், கெட்டுப்போகும் சிங்க்ரோவின் (கியர்களை உரசாமல் சேர்க்கும் வளையம்) விலை அதிகம்.

அந்த 6.3 வினாடிக்கான பதிலும் கியர் கணக்கிலேயே இருக்கிறது. இரண்டாவது கியர் முடியும் வேகம் ஏறக்குறைய 98 கிலோமீட்டர். மணிக்கு 60 மைலை, அதாவது 97-ஐ, இரண்டாவதிலேயே எட்டிவிடலாம். 100 கிலோமீட்டருக்கு மூன்றாவது போட்டே ஆக வேண்டும். அந்த ஒரு மாற்றத்துக்கே கால் வினாடிக்கு மேல் போகும். ஆகவே 60 மைல் கணக்கையும் 100 கிலோமீட்டர் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். போதாக்குறைக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் முதல் ஒரு அடி ஓட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் கடிகாரத்தை ஓட்டுகின்றன. அதிலேயே 0.3 வினாடி போல மிச்சமாகிவிடும். நீங்கள் போன் ஆப்பில் அளந்திருந்தால் அதையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான போன்களின் ஜிபிஎஸ் வினாடிக்கு ஒரு தடவைதான் இடத்தைச் சொல்லும், பத்தில் ஒரு வினாடியை அது எப்படி அளக்கும்? வினாடிக்கு 10 தடவையாவது பதியும் தனி ஜிபிஎஸ் கருவி வேண்டும். உங்களுக்கு அதுவும் அவசியமில்லை, 64 அடி நேரம் போதும்.

தொழிற்பேட்டை ரோடு விஷயத்தில் என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். காலியாகக் கிடப்பதாக நீங்கள் நினைக்கும் ரோட்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் ஒருவர் வருவார், லாரிக்குப் பின்னாலிருந்து ஒருவர் இறங்குவார். உங்கள் கண் முழுக்க டாகோமீட்டரில் இருக்கும் அந்த ஒன்றரை வினாடியில் அவரைப் பார்க்கவே மாட்டீர்கள். சட்டமும் சும்மா விடாது. 2002-ஆம் வருட போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி, கவனமில்லாமல் ஓட்டி அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரும் வண்டியைப் போலீஸ் பறிமுதல் செய்யலாம். பர்மிங்ஹாமிலும் பக்கத்து பிளாக் கன்ட்ரி பகுதியிலும் ரோட்டில் இப்படிக் கார் வேகம் காட்டுவதற்கு எதிராக நீதிமன்றத் தடையுத்தரவுகளே வாங்கியிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் என்ன செய்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. லிச்ஃபீல்டுக்குப் பக்கத்தில் கர்பரோ ஸ்பிரிண்ட் பாதை இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்பிரிண்ட் போட்டியில் நின்ற இடத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும், 64 அடி நேரமும் கேட்டால் கிடைக்கும், பாதையும் சமதரை. இன்னும் நிறைய ஸ்டார்ட் வேண்டும் என்றால் தென்கிழக்கே சான்டா பாட் டிராக் ஸ்ட்ரிப்புக்கு (நேர்கோட்டில் முடுக்கி ஓட்டும் பந்தயப் பாதை) போங்கள். சொந்தக் காரைக் கொண்டுபோய் யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கும் நாட்கள் அங்கே உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அச்சடித்த சீட்டு கொடுப்பார்கள், அதில் 60 அடி நேரம் இருக்கும். டிராக் ஸ்ட்ரிப்பில் ஸ்டார்ட் இடத்தில் ரப்பர் ஒட்டிப்போயிருப்பதால் பிடிப்பு மலைப்பாதையைவிட அதிகம், அங்கே கிடைத்த ஆர்பிஎம்மை அப்படியே ஷெல்ஸ்லிக்குக் கொண்டுவர வேண்டாம். கால்களைப் பழக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது கிளட்சை அழுத்திக்கொண்டே இருக்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

கடைசியாக ஃபிளைவீல். போடாதீர்கள். லேசான ஃபிளைவீலில் எஞ்சின் சட்டென்று ஏறும், சட்டென்று விழவும் செய்யும். உங்களுக்கு இப்போது இருக்கும் குறையே எஞ்சின் அமுங்குவது, கனமான ஃபிளைவீல் சேர்த்துவைத்திருக்கும் ஆற்றல்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கிறது. அதைக் கழற்றினால் ஸ்டார்ட் இன்னும் கடினமாகும். கெட்டியான பந்தயக் கிளட்சில் பிடிக்கும் புள்ளியின் அகலம் சுருங்கிவிடும், அங்கே ஒரு வினாடி பிடித்து நிறுத்துவது அனுபவசாலிகளுக்கே சிரமம். தவிர, இப்படி மாற்றினால் நீங்கள் ஓட்டும் வகுப்பும் மாறிவிடக்கூடும், விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். அந்தப் பணத்தில் கர்பரோவில் இரண்டு போட்டிகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மீதியில் பின்பக்கத்துக்கு இரண்டு புது டயர் வாங்குங்கள். அங்கே ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு ஓட்டத்தின் 64 அடி நேரத்தையும், பக்கத்தில் நீங்கள் வைத்த ஆர்பிஎம்மையும் பின்டயர் அழுத்தத்தையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்து எதை மாற்றுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.